பாயிண்டர் எவ்வளவு?

"பாயிண்டர் எவ்வளவு வந்திருக்கு?"

உயர்கல்விக்குப் பிள்ளையை அனுப்பிய எந்த வீட்டிலும், பருவத் தேர்வு முடிவு வெளியானதும் கேட்கப்படும் முதல் கேள்வி இது. பினாங்கில் தீவுப் பக்கமானாலும் சரி, அக்கரையில் பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் பக்கமானாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. பிள்ளை கைப்பேசியைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்கிறது. "3.08, பா." அப்பா தலையை ஆட்டுகிறார். அம்மா, "பக்கத்து வீட்டுப் பையன் 3.4 வாங்கினானாமே" என்கிறார். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த 3.08 எங்கிருந்து வந்தது, அடுத்த பருவத்தில் அதை எவ்வளவு தூரம் நகர்த்த முடியும் என்று யாரும் கேட்பதில்லை. பல வீடுகளில் பிள்ளைக்கே அது தெரிவதில்லை என்பதுதான் வருத்தத்திற்குரியது.

இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் உபகாரச் சம்பளம் தொடர்வதும் நிற்பதும், பல்கலைக்கழக இடம் கிடைப்பதும் கைநழுவுவதும் முடிவாகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதல் சல்லடையும் பல இடங்களில் இதுவே. கணக்கு என்னவோ ஆறாம் ஆண்டு தமிழ்ப்பள்ளி மாணவர் போடக்கூடிய பெருக்கலும் வகுத்தலும்தான்.

சின்ன எண்ணும் பெரிய எண்ணும்

பெற்றோர் குழம்புவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. அந்தக் காலத்து எம்.சி.இ., பழைய எஸ்.பி.எம். தேர்வுகளில் 'அக்ரிகேட்' என்று ஒன்று இருந்தது. அங்கே சின்ன எண்தான் பெரிய மரியாதை. ஒரு பாடத்தில் 1 என்றால் உச்சம், 9 என்றால் தோல்வி. கூட்டுத்தொகை குறையக் குறைய முதல் தரத்திற்கு நெருக்கம். அப்படி வளர்ந்த ஒருவரிடம் "அப்பா, எனக்கு 2.1" என்று சொன்னால், அவர் மகிழ்ச்சியில் பிரியாணி வாங்கப் புறப்பட்டுவிடக்கூடும்!

பாயிண்டர் கணக்கில் எல்லாம் தலைகீழ். 4.00 உச்சி, 0.00 தரை. ஆனால் எஸ்.பி.எம். தேர்வில் பள்ளிகளின் தரத்தையும் நாட்டின் தரத்தையும் காட்டும் சராசரி இன்றும் பழைய வழியில்தான் போகிறது. தேசிய சராசரி 2023ஆம் ஆண்டுத் தேர்வில் 4.60, 2024இல் 4.49 என்று செய்தி வந்தபோது, அது முன்னேற்றம். எண் குறைந்தால் அங்கே நல்லது. ஒரே நாட்டில், ஒரே வீட்டில், தம்பியின் பள்ளிக்குச் சின்ன எண்ணும் அக்காவின் பல்கலைக்கழகத்திற்குப் பெரிய எண்ணும் நல்லது என்றால், யாருக்குத்தான் குழப்பம் வராது?

பெயர்களும் அப்படித்தான். ஒரு பருவத்திற்கு மட்டும் உள்ள சராசரியை ஜி.பி.ஏ. என்கிறார்கள், மலாயில் பி.என்.ஜி. முதல் பருவத்திலிருந்து இன்றுவரை சேர்த்துப் பார்க்கும் மொத்தச் சராசரி சி.ஜி.பி.ஏ.; மலாயில் பி.என்.ஜி.கே. பாலிடெக்னிக்கில் அதையே எச்.பி.என்.எம். என்று அச்சிடுகிறார்கள். செபராங் பிறை பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளையின் தாளைப் பார்த்து, "இதில் சி.ஜி.பி.ஏ. போடவே இல்லையே" என்று பதறத் தேவையில்லை. பேச்சு வழக்கில் எல்லாமே 'பாயிண்டர்'. அதனால் பிள்ளை ஓர் எண்ணைச் சொன்னால், அது இந்தப் பருவத்துக்கா, மொத்தத்துக்கா என்று முதலில் கேட்க வேண்டும். நல்ல எண் எதுவோ அதைத்தான் பிள்ளைகள் முதலில் சொல்வார்கள். இது உலக வழக்கம்.

ஒரு பாடம் எத்தனை கனம்?

மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள அளவுகோல் இது: ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33, பி 3.00, பி மைனஸ் 2.67, சி பிளஸ் 2.33, சி 2.00. அதற்குக் கீழே சி மைனஸ் 1.67, டி பிளஸ் 1.33, டி 1.00 என்று இறங்கி, எஃப் என்றால் பூஜ்யம். படிக்குப் படி சுமார் மூன்றில் ஒரு பங்கு இறக்கம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தனியார் கல்லூரிகளில் சில படிகள் வேறுபடலாம் என்பதால், அந்தந்தக் கழகத்தின் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதுவரை எல்லாருக்கும் புரியும். தவறு நடப்பது அடுத்த படியில். எல்லாப் பாடமும் ஒரே எடை அல்ல. ஒவ்வொன்றுக்கும் 'கிரெடிட்' அல்லது 'யூனிட்' என்று ஒரு கனம் உண்டு. மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பான எம்.கியூ.ஏ. வகுத்த கணக்கின்படி, 1 கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, பயிற்சி வகுப்பு, சொந்தமாகப் படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் சேர்த்து. ஆக 4 கிரெடிட் பாடம் 160 மணி நேரம் கேட்கிறது. 2 கிரெடிட் பாடம் 80 மணி நேரம்.

மிண்டனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யு.எஸ்.எம்.) முதல் பருவம் படிக்கும் ஒரு மாணவியைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஐந்து பாடங்கள். 4 யூனிட் பாடம் ஒன்றில் பி பிளஸ், இன்னொரு 4 யூனிட் பாடத்தில் சி. 3 யூனிட் பாடங்கள் இரண்டில் ஏ மைனஸும் பியும். 2 யூனிட் பாடத்தில் ஏ.

அவசரக்காரர் என்ன செய்வார்? 3.33, 2.00, 3.67, 3.00, 4.00 ஐந்தையும் கூட்டுவார், 16.00 வரும். ஐந்தால் வகுப்பார், 3.20. "பரவாயில்லை" என்று நிம்மதியாகத் தூங்கப் போவார்.

சரியான கணக்கு வேறு. ஒவ்வொரு தரப் புள்ளியையும் அதன் யூனிட்டால் பெருக்க வேண்டும். 3.33 பெருக்கல் 4 என்றால் 13.32. 2.00 பெருக்கல் 4 என்றால் 8.00. 3.67 பெருக்கல் 3 என்றால் 11.01. 3.00 பெருக்கல் 3 என்றால் 9.00. 4.00 பெருக்கல் 2 என்றால் 8.00. மொத்தம் 49.33. யூனிட்டுகளின் கூட்டுத்தொகை 16. 49.33ஐ 16ஆல் வகுத்தால் 3.08.

இதே மாணவி, இதே ஐந்து தரங்களையே வாங்கி, சி மட்டும் அந்த 2 யூனிட் பாடத்திலும் ஏ அந்த 4 யூனிட் பாடத்திலும் விழுந்திருந்தால்? மொத்தம் 53.33, பாயிண்டர் 3.33. தாளில் உள்ள எழுத்துகள் ஒன்றுகூட மாறவில்லை. கால் புள்ளி ஏறிவிட்டது. பிடித்த 2 யூனிட் பாடத்திற்கு விடிய விடியக் கண்விழித்து, பிடிக்காத 4 யூனிட் பாடத்தைத் தள்ளிப்போடும் பழக்கத்தின் விலை இதுதான்.

எஃப் ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். 16 யூனிட்டில் 12 யூனிட்டுக்கு 3.50 என்ற அருமையான சராசரி. மீதி 4 யூனிட்டில் எஃப். மொத்தப் புள்ளி 42. வகுப்பது 12ஆல் அல்ல, 16ஆல். 2.63. தோற்ற பாடம் புள்ளியைத் தராது, ஆனால் பங்கு கேட்க வந்து உட்காரும்.

இரண்டு பருவத்தைக் கூட்டி இரண்டால் வகுக்கலாமா?

கூடாது. இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

முதல் பருவத்தில் 20 யூனிட், பாயிண்டர் 2.50. அதிர்ச்சியில் இரண்டாம் பருவத்தில் சுமையைக் குறைத்து 12 யூனிட் மட்டும் எடுத்து, நன்றாகப் படித்து 3.50 வாங்குகிறார் ஒரு மாணவர். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 3.00. அவருடைய உதவித்தொகை ஒப்பந்தத்தில் 3.00க்குக் குறையக்கூடாது என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். காப்பாற்றிவிட்டோம் என்று வீட்டுக்குச் சொல்லிவிடுகிறார். அப்பா பிறை தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலையைக் குறைத்துக்கொள்கிறார்.

உண்மைக் கணக்கு: 20 பெருக்கல் 2.50 என்றால் 50. 12 பெருக்கல் 3.50 என்றால் 42. மொத்தம் 92. யூனிட் 32. வகுத்தால் 2.88. கடிதம் வரும்போதுதான் தெரிகிறது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை, கணக்குத் தெரியவில்லை. அடுத்த தவணைப் பணத்தைத் தேடி வீடு அலைவது என்னவோ ஒன்றுதான்.

மொத்தச் சராசரிக்கு இன்னொரு குணம் உண்டு. தொடக்கத்தில் அது சைக்கிள் மாதிரி, நினைத்த பக்கம் திரும்பும். போகப்போக சரக்கு லாரி மாதிரி ஆகிவிடும். 120 யூனிட் கொண்ட பட்டப்படிப்பில் 3.00 எடுத்து முடிக்க விரும்புபவருக்குக் கடைசியில் 360 புள்ளிகள் தேவை. முதலாண்டு 32 யூனிட் முடித்து 2.40இல் நிற்கிறார் என்றால், மீதி 88 யூனிட்டுக்கு 3.22 சராசரி வாங்க வேண்டும். முயன்றால் முடியும். இரண்டாம் ஆண்டு முடிவிலும் 64 யூனிட்டுக்கு அதே 2.40 என்றால், மீதிக்கு 3.69 தேவை. ஏறக்குறைய எல்லாப் பாடத்திலும் ஏ மைனஸ். மூன்றாம் ஆண்டு முடிவில் 96 யூனிட்டுக்கும் 2.40 என்றால், மீதமுள்ள 24 யூனிட்டுக்கு 5.40 வாங்க வேண்டும். 4.00க்கு மேல் எதுவும் இல்லை. கதவு சாத்தப்பட்டுவிட்டது, ஆனால் மாணவர் இன்னும் "கடைசி ஆண்டில் பிடித்துவிடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். முதலாண்டு பழகிக்கொள்வதற்கான ஆண்டு என்று மூத்த மாணவர்கள் சொல்லும் அறிவுரையை இந்தக் கணக்கோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

யு.எஸ்.எம்.மில் ஒரு பருவத்தில் 2.00க்குக் கீழே போனால் கண்காணிப்பு நிலைக்குத் தள்ளப்படுவார்கள். அடுத்த பருவத்தில் எடுக்கக்கூடிய யூனிட்டுகளுக்கும் வரம்பு போடப்படும். சி மைனஸ் அல்லது அதற்குக் கீழ் வாங்கிய பாடத்தை மீண்டும் படித்துத் தரத்தை உயர்த்த வாய்ப்பு உண்டு. சி வாங்கியவருக்கு அது இல்லை. மேலே சொன்ன மாணவியின் 4 யூனிட் சி, பட்டமளிப்பு நாள்வரை அவரோடு வரும். மீண்டும் படித்த பாடத்தின் பழைய தரம் கணக்கிலிருந்து நீங்குமா, இரண்டும் நிற்குமா என்பது கழகத்துக்குக் கழகம் மாறுபடும். இதைப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

படிவம் ஆறு வீட்டாருக்கு

எஸ்.டி.பி.எம். தேர்விலும் இதே நான்கு புள்ளி அளவுகோல்தான். ஜோர்ஜ்டவுனில் ஹாஜி ஸைனுல் ஆபிடின் படிவம் ஆறு கல்லூரியில் படித்தாலும், வேறெந்தப் பள்ளியில் படித்தாலும், பெரும்பாலான மாணவர்கள் எடுப்பது நான்கு பாடங்கள். அவற்றில் பொது அறிவுப் பாடமான 'பெங்காஜியான் ஆம்' கட்டாயம். இங்கே யூனிட் பெருக்கல் கிடையாது. நான்கையும் கூட்டி நான்கால் வகுப்பதுதான்.

எளிது என்பதாலேயே இதில் ஒரு விஷயம் மறைந்துவிடுகிறது. நான்கு பாடமும் சமம் என்றால், பெங்காஜியான் ஆம் மட்டும் மொத்தத்தில் கால் பங்கு. நம் பிள்ளைகள் தமிழ்மொழிக்கும் வணிகவியலுக்கும் டியூஷன் போவார்கள். இதை நாளிதழ் படித்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள்.

தமிழ்மொழியில் ஏ, வரலாற்றில் பி பிளஸ், வணிகவியலில் பி மைனஸ், பெங்காஜியான் ஆமில் பி வாங்கிய ஒரு மாணவர். 4.00, 3.33, 2.67, 3.00. கூட்டினால் 13.00, நான்கால் வகுத்தால் 3.25. பெங்காஜியான் ஆமில் மட்டும் ஏ மைனஸ் கிடைத்திருந்தால் 3.42.

இந்த எண் அப்படியே பல்கலைக்கழகத்துக்குப் போவதில்லை. யு.பி.யு. வழி விண்ணப்பிக்கும்போது அது 'மெரிட்' புள்ளியாக மாறுகிறது. கல்விக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. பாயிண்டரை 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்க வேண்டும். 3.25க்கு 73.13 கிடைக்கும். புறப்பாடத்தில் 10க்கு 7.5 இருந்தால் மொத்தம் 80.63. பாயிண்டர் 3.42 ஆகியிருந்தால் 84.45.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு பாடத்தில் ஒரு படி ஏறினால், அதாவது பியிலிருந்து பி பிளஸுக்குப் போனால், மெரிட்டில் ஏறக்குறைய 1.86 புள்ளி கூடும். புறப்பாடத்தில் 7.5 என்பது 9.5 ஆனால் 2 புள்ளி கூடும். ஆக, சீருடை இயக்கம், சங்கம், விளையாட்டு ஆகியவற்றில் 2 புள்ளி என்பது ஒரு பாடத்தில் ஒரு படி ஏறுவதைவிடச் சற்று அதிகம். "சனிக்கிழமை கேடட் பயிற்சி வேண்டாம், டியூஷனுக்குப் போ" என்று பிள்ளையை நிறுத்தும் பெற்றோர் அதிகம். அந்த டியூஷன் ஒரு முழுப் படியை ஏற்றித் தந்தால்தான் அந்தப் பேரம் கட்டுப்படியாகும்.

இன்னொன்று. 2012ஆம் ஆண்டில் எஸ்.டி.பி.எம். மூன்று பருவ முறைக்கு மாறியது. அதற்கு முன் எழுதிய அண்ணன்மார் "கடைசி ஆறு மாதம் படித்தால் போதும், நான் அப்படித்தான் பாஸ் பண்ணினேன்" என்று சொன்னால், அது அவர்கள் காலத்து உண்மை. இப்போது முதல் பருவத் தாளும் இறுதிக் கணக்கில் சேர்கிறது. மூயெட் ஆங்கிலத் தேர்வு மட்டும் தனி. அதன் பேண்ட் பாயிண்டரில் கலக்காது. ஆனால் துறையில் சேரும் தகுதிக்குக் குறைந்தபட்ச பேண்ட் கேட்பார்கள். கெபாலா பத்தாஸில் பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் மெட்ரிகுலேஷன் பாயிண்டர் 90க்கு மாறி, புறப்பாடத்தோடு சேரும் முறை இதேதான்.

மெரிட் உச்சத்தில் இருந்தால் கேட்டது கிடைத்துவிடும் என்றும் நினைத்துவிடக்கூடாது. 2025இல் எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.00 எடுத்து, மெரிட் 99.9 வைத்திருந்த ஒரு மாணவருக்குக் கேட்ட கணக்கியல் துறை கிடைக்காமல் போனது நாடு முழுவதும் பேசப்பட்டது. எந்தத் துறைக்கு எத்தனை இடம், அதே எண்ணோடு எத்தனை பேர், நேர்காணல் உண்டா என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு. துறைகளைத் தேர்வு செய்து வரிசைப்படுத்தும் அந்த இரவை, பாயிண்டருக்குப் பட்ட பாட்டில் பாதியாவது பட்டுச் செலவிட வேண்டும்.

எண் எங்கெங்கே கேட்கப்படுகிறது

பட்டம் வாங்கக் குறைந்தது 2.00 வேண்டும். ஒரு பருவத்தில் 3.50 தாண்டினால் பெரும்பாலான கழகங்களில் டீன் பட்டியல். பி.டி.பி.டி.என். கல்விக்கடன் வாங்கியவர் முதல் வகுப்பில் தேறினால் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்கும் வழி பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், படிக்கும் காலத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் போன்ற அமைப்புகள் உயர்கல்வி உதவி வழங்குகின்றன. இப்படிப்பட்ட உதவிகளுக்கு விண்ணப்பிக்கும்போது தேர்வு முடிவுத் தாளின் நகலைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் விஷயம் வேறு. அங்கே பல்கலைக்கழகங்களில் பரவலாக இருப்பது 10 புள்ளி அளவுகோல். அங்கே 8.0 வாங்கியவர் இங்கே 3.2 என்று தானாகவே மாற்றி எழுதிக்கொள்ளக்கூடாது. அதேபோல 3.00 என்பதை 75 விழுக்காடு என்று சொல்வதும் தவறு. பி தரத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதை ஒவ்வொரு கழகமும் தன் வழியில் வகுத்திருக்கிறது. விண்ணப்பத்தில் எந்த அளவுகோலில் வாங்கினாரோ அதையே, "4.00க்கு 3.08", "10க்கு 8.0" என்று எழுதுவதுதான் முறை.

பருவம் தொடங்கும் முதல் வாரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பதிவு செய்த பாடங்களும் ஒவ்வொன்றின் யூனிட்டும்; இதுவரை சேர்ந்துள்ள மொத்தப் புள்ளியும் மொத்த யூனிட்டும்; தரம் பாதிக்காமல் ஒரு பாடத்திலிருந்து விலகிக்கொள்வதற்கான கடைசி நாள். இந்த மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. அந்த நாளுக்குள் முறைப்படி விலகினால் அந்தப் பாடம் கணக்கில் சேராது. அந்த நாள் கடந்தபின் வகுப்புக்குப் போகாமல் நின்றுவிட்டால், முன்பு பார்த்த அந்த எஃப் வந்து உட்காரும். தேதி ஒவ்வொரு பருவத்தின் கல்வி நாட்காட்டியிலும் அச்சாகியிருக்கும். அறியாதவர்கள் கல்வி ஆலோசகரிடமோ பதிவாளர் அலுவலகத்திலோ கேட்டுப் பெறலாம்.